பெயரேடு காப்போர்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கணினித் துறையில் இளைஞர்க்குள்ள தொழில்களைப் பற்றிப் பேசுமாறு மன்றத்தார் எங்களைப் பணித்தார்கள். அத்துறையோ கடல். கடல் முழுவதையும் ஒரு மணி நேரத்திற் காட்டப் புகுவோர் ஒரு குடம் நீரைக்கூட ஒழுங்காகக் காட்டாது போவர். ஆகவே ஒரே ஒரு தொழிலை மாத்திரம் எடுத்துக்கொண்டோம். தரவுத்தள நிருவாகி என்பது அத்தொழில் செய்வோர்க்குப் பெயர். டாக்டர் என்றால் தெரியும், எஞ்சினியர் என்றால் தெரியும். இப்பெயரை நம் ஊரிற் கேட்டவர் சிலரே.

பெயர் புதிது; பொருள் நம் வீட்டு வாசலிலேயே கிடப்பது. தோட்டத்தில் உழைத்தவர்களைக் கேளுங்கள். ஒரு நாட் சம்பளத்திற்கு அவர்கள் வழங்கும் சொல் என்ன? 'பேர்' என்பதுதானே! கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. செக்றோலிலே கணக்கப்பிள்ளையின் பேனா பதியாவிட்டால், மலையில் நின்ற நாள் நில்லாத நாளாகிவிடும். உழைப்பு உடலில் இருக்கிறது; கூலியோ ஏட்டில் இருக்கிறது. இந்த உண்மையை நம் பாட்டிமார் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்றாரல்லர்.

அந்தச் செக்றோல் கோடிக்கணக்கான வரிகளாகப் பெருகியது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆயிரம் எழுத்தர் ஆயிரம் ஊரிலிருந்து ஒரே வேளையில் அதில் எழுதுகிறார்கள். வேறு ஆயிரவர் அதே வேளையில் வாசிக்கிறார்கள். எழுதுவது ஒன்றோடொன்று மோதக்கூடாது, வாசிப்பது பிழைக்கக்கூடாது, கேட்டதை ஒரு விநாடிக்குள் எடுத்துத் தரவேண்டும். அதுதான் தரவுத்தளம். வங்கிக்கு ஒன்று, வைத்தியசாலைக்கு ஒன்று, பரீட்சைத் திணைக்களத்திற்கு ஒன்று, ஆட்பதிவுத் திணைக்களத்திற்கு ஒன்று என்று, நம் வாழ்வின் ஒவ்வொரு படியிலும் ஒன்று இருக்கிறது. 1970ஆம் ஆண்டிலே ஐ.பி.எம். கம்பனியில் ஆராய்ச்சி செய்த எட்கர் கொட் என்பார், எல்லாத் தரவுகளையும் நிரலும் நிரையுமான அட்டவணைகளாகவே வைக்கலாம், ஓர் அட்டவணையை இன்னோர் அட்டவணையோடு பொதுவான ஒரு பெறுமதியால் இணைக்கலாம் என்று காட்டினார். 1974இல் அதே கம்பனியைச் சேர்ந்த சேம்பர்லின், பொய்ஸ் என்னும் இருவர் அவ்வட்டவணைகளிடம் வினவுவதற்கு ஒரு மொழியையும் வகுத்தனர். எஸ்.கியூ.எல். என்று இன்று வழங்குவது அம்மொழியின் வளர்ச்சியே. அரை நூற்றாண்டு கடந்தும் அது ஓயாமல் வேலை செய்கிறது.

இதில் நிருவாகிக்கு என்ன வேலை? ஓர் உதாரணம் கூறுவோம். கொழும்பிலே கடையில் நிற்கும் ஒரு மகன், பல்லேபொலவில் இருக்கும் தாய்க்கு 5000 ரூபா அனுப்புகிறான். அவன் கணக்கில் 5000 குறையவேண்டும்; தாயின் கணக்கில் 5000 கூடவேண்டும். முதலாவது நடந்து, இரண்டாவது நடப்பதற்கு முன் மின்சாரம் நின்றுவிட்டால்? பணம் மகனிடமும் இல்லை, தாயிடமும் இல்லை. இவ்விரண்டும் ஒன்றாக நடக்கவேண்டும், அன்றேல் இரண்டும் நடவாததாகவே இருக்கவேண்டும் என்பது தரவுத்தளத்தின் தலையாய விதி. அவ்விதியைப் பொறி தானே காக்கும். ஆயின் அப்பொறிக்கு இடம் போதுமா, வட்டு பழுதாகிறதா, ஒருவர் பூட்டிய வரிக்காக நூறுபேர் காத்து நிற்கிறார்களா, எவர் எதை வாசிக்கலாம், எவர் எதை மாற்றலாம் என்பனவற்றையெல்லாம் ஒரு மனிதன் பார்க்கவேண்டியிருக்கிறது. அம்மனிதனே நிருவாகி.

அவனுக்கும் அவளுக்கும் வாய்த்த நேரம் விசித்திரமானது. (அவள் என்பதை மறவாதீர்கள்; இத்தொழிலுக்குத் தோள் வலிமை வேண்டுவதில்லை.) மற்றையோர் வேலை செய்யும்போது தரவுத்தளத்தை நிறுத்த முடியாது. ஆகையால் திருத்த வேலைகள் நள்ளிரவிலும் ஞாயிறு அதிகாலையிலும் நடக்கும். வருடக் கடைசி நாளில் ஊரெல்லாம் வெடி கொளுத்தும். வங்கியின் நிருவாகி ஆண்டுக் கணக்கு முடிவதைத் திரையிற் பார்த்துக்கொண்டிருப்பார். முறை வைத்துக் கைத்தொலைபேசியைத் தலையணை அருகில் வைத்து உறங்குவர். எல்லாம் நன்றாக நடந்தால் அவர் ஒருவர் இருப்பதே எவர்க்கும் தெரியாது. கோயிலில் தேர் ஓடினால் வடம் பிடித்தவர்களைப் பார்க்கிறோம். சில்லுக்குக் கட்டை போடுபவரை யார் பார்க்கிறார்? அவரின்றித் தேர் வளைவில் திரும்புமா?

இன்னொன்று. ஊரார் அனைவரின் சம்பளமும் கடனும் நோயும் அவர் விரல் நுனியில் இருக்கின்றன. பார்க்க முடியும், பார்ப்பதில்லை. நம் நாட்டிலே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு எல்லை வகுக்கிறது. சட்டம் வருமுன்பே நல்ல நிருவாகிகள் கண்ணை மூடிக்கொள்ளப் பழகியிருந்தார்கள். யார் வீட்டில் எவ்வளவு கடன் என்பதை அறிந்தும் வாய் திறவாத கணக்கப்பிள்ளைமார் நம்மிடையேயும் சிலர் இருந்ததாகப் பெரியோர் சொல்வர். திறந்தவர்களைப் பற்றியும் சொல்வர்.

நிற்க. சித்திரா பௌர்ணமியன்று சித்திரபுத்திரனார் கதை படிக்கிறோம். அவர் ஏட்டிலே பிழையில்லை, அழிவில்லை, எனவே பிரதியும் தேவையில்லை. மானிட ஏடு அத்தகையதன்று. இதற்கு ஒரு கதை சொல்கிறோம், கதையன்று, நடந்தது. கிட்லாப் என்பது உலகெங்குமுள்ள நிரலாளர் தம் வேலையைச் சேர்த்து வைக்கும் ஒரு கம்பனி. 2017 சனவரி 31ஆம் திகதி இரவு, அங்கே ஒரு நிருவாகி நெடுநேரம் வேலை செய்து களைத்திருந்தார். துணைக் கணினியிலுள்ள பழுதான பிரதியை அழித்துப் புதிதாக எடுப்போம் என்று கட்டளை கொடுத்தார். கொடுத்த இடம் துணைக் கணினியன்று, முதற் கணினி! ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் 300 கிகாபைற்று அளவான தரவில் எஞ்சியது ஏறத்தாழ 4.5 கிகாபைற்று.

பரவாயில்லை, காப்புப் பிரதி இருக்குமே என்பீர்கள். ஐந்து வகையான ஏற்பாடுகள் இருந்தன. தேடிப் பார்த்தால் ஒன்றுகூட நம்பத்தக்கதாக இல்லை. தினந்தோறும் பிரதி எடுக்கவேண்டிய நிரல், பழைய பதிப்பினதாகையால், நெடுநாளாகவே தோல்வியுற்றுக் கொண்டிருந்தது. தோற்றதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் வழியிலேயே தடுக்கப்பட்டுப் போயின. ஒன்றும் குறையில்லை என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். இறுதியிற் காத்தது எது? ஆறு மணி நேரத்துக்கு முன்பு, வேறொரு காரியத்துக்காக, அதே நிருவாகி தம் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதி. ஆறு மணி நேரத் தரவு போயிற்று, மிகுதி மீண்டது.

எங்கள் உள்ளத்தைத் தொட்டது அதற்குப் பின் நடந்ததுதான். அக்கம்பனி கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. மீட்கும் வேலையை நேரடி ஒளிபரப்பாக உலகுக்குக் காட்டியது. நடந்த பிழைகள் அனைத்தையும் எழுதி வெளியிட்டது. அந்த நிருவாகியைப் பலியாக்கவுமில்லை. அதை வாசித்துத் தத்தம் காப்புப் பிரதிகளைச் சோதித்துப் பார்த்த நிருவாகிகள் எத்தனை பேரோ! இத்தொழிலாரின் சமூக வாழ்வு இதுதான். தான் கற்ற பாடத்தை மற்றவன் இலவசமாகக் கற்கட்டும் என்று எழுதி வைப்பர். போஸ்ட்கிரெஸ் என்னும் பெரிய தரவுத்தளப் பொறி அமெரிக்காவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் பிறந்து, இப்பொழுது பல நாட்டாராலும் கூட்டாக வளர்க்கப்பட்டு, எவரும் காசின்றி எடுத்துக்கொள்ளும்படி இருக்கிறது. நம் ஊரின் சந்தைத் தெருவில் வாங்கிய பழைய மடிக்கணினியிலும் அது ஓடும்.

நம் நாட்டுக் கதை அவ்வளவு இனியதன்று. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மேகக் கணினியைத் தீய நிரலொன்று தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் அழிந்தன. ஏன்? அக்காலத்திற்குரிய தனிக் காப்புப் பிரதி இல்லை. ஓர் அரசாங்கம் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட தன் நினைவை இழந்தது. இதற்குப் பணம் இல்லாமை ஒரு காரணமாகலாம். நாள்தோறும் பார்க்க ஆள் இல்லாமையே பெருங்காரணம் என்பது எங்கள் கருத்து.

பிரதியின் அருமையை அறிய வெளிநாடு போகவும் வேண்டியதில்லை. மாத்தளை நகருக்கு வடக்கே, யாழ்ப்பாணம் செல்லும் வீதியோரத்தில் அலுவிகாரை இருக்கிறது. நம்மிற் பலர் பேருந்திலிருந்தே பார்த்துப் போகிறோம். அதுவரை வாய்மொழியாக வழங்கிய பௌத்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அங்கேதான் ஓலையில் எழுதப்பட்டது என்பது மரபு. ஏன் எழுதினார்கள்? பஞ்சமும் போரும் வந்து, மனப்பாடமாகக் கொண்டிருந்த பிக்குமார் இறந்துகொண்டிருந்தார்கள். ஒரே ஒரு தலைக்குள் இருக்கும் நூல் அத்தலையோடு போய்விடும் என்று கண்டு அஞ்சினார்கள். பின்னர் 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது அவ்விகாரையின் ஏடுகள் அழிந்தன. திரிபிடகம் அழிந்ததா? இல்லை. பிற விகாரைகளிலும் கடல் கடந்த தேசங்களிலும் பிரதிகள் இருந்தன. நிருவாகிகள் இன்று "ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும்" என்கிறார்களே, அது நம் அயலில் மெய்யான விதி.

இனி நம் மக்களைப் பற்றிப் பேசாமல் இப்பொருளை முடிக்க இயலாது. தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியே தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் மாண்டவர்கள் பலர். அவர்தம் பெயர்களைச் சொல்ல ஏடில்லை. 2023இல், மலையக மக்களின் 200ஆவது ஆண்டை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி நடந்தது. சூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடிந்தது. நினைந்து நடக்க முடிந்தது. பெயர் சொல்லி அழைக்க முடியவில்லை. பின்வந்த காலத்திலே தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகரத் துண்டொன்றைக் கொடுத்து ஆளனுப்பினார்கள். முதலாளியின் கணக்குக்கு அது போதும். அதில் தாய் தந்தை இல்லை, ஊர் இல்லை.

மிஷன் பள்ளியில் லூக்கா எழுதிய சுவிசேஷம் பாடமாக இருந்தது. அகஸ்து இராயன் குடிமதிப்பு எழுதக் கட்டளையிட்டதால் நிறைமாதக் கர்ப்பிணியும் பெத்லகேமுக்குப் போகவேண்டியதாயிற்று என்று அதில் வரும். பெயரைப் பதிய ஓர் ஏழைக் குடும்பம் பட்ட பாடு அது. நம் குடும்பங்கள் பட்ட பாடு அதனினும் நெடிது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்தது. 1946 சனவரி 1ஆம் திகதிக்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இங்கே வாழ்ந்ததாக நிரூபிக்கவேண்டும். எதைக் கொண்டு நிரூபிப்பது? செக்றோல், பள்ளிக்கூட இடாப்பு, பிறப்புப் பத்திரம். ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. உரிமை பெற்றவர் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் அளவே. காரணம் அரசியல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மறுக்கும் கைக்கு ஆயுதமாய் வாய்த்தது இல்லாத தாளும் பிழைபட்ட எழுத்துமே. 1964 ஒக்டோபர் 30இல் இரு பிரதமர்கள் ஒப்பமிட்டு 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் பங்கிட்டபோதும் முதலில் கேட்கப்பட்டது பத்திரமே. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோர்க்கு உரிமை தந்தது.

அது பழங்கதை என்பீர்களாயின், ஊழியர் சேமலாப நிதி பெறச் சென்ற ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர்; அடையாள அட்டையில் இன்னொரு பெயர்; நிதிப் புத்தகத்தில் மூன்றாவது. ராமாயி, ராமாய், இராமாயி. மூவரும் ஒருத்தியே! தமிழ்ப் பெயரைக் காதாற் கேட்டு ஒருவர் ஆங்கிலத்திலும் ஒருவர் சிங்களத்திலும் எழுதியதன் விளைவு. கணினிக்கு அவர்கள் மூவர். அது இரக்கமற்றதன்று, சொல்லிக்கொடுத்ததை மட்டும் அறிந்தது. சொல்லிக்கொடுக்க வேண்டியவர் தமிழ் அறிந்தவராக இருக்கவேண்டும்.

இதற்கு மேலும் ஒரு சான்று. மை-எஸ்.கியூ.எல். என்னும் பெயர்பெற்ற பொறி, 2018இல் 8ஆம் பதிப்பு வரும்வரை, வேறு கட்டளை கொடாவிட்டால் இலத்தீன் எழுத்துக்கே இடம் ஒதுக்கியது. அதிலே தமிழ்ப் பெயரை இட்டால் அது வினாக்குறிகளாகிப் பதியக்கூடும். முத்தம்மா என்னும் பெயர் வெறும் வினாக்குறிகளின் வரிசையாக நிற்கும்! பதிந்தபின் மீட்க முடியாது. யுனிகோட் முறையில் அட்டவணையை அமைக்கவேண்டும் என்ற ஒரு வரிக் கட்டளை போதும். அந்த ஒரு வரியை நினைவில் வைப்பதற்கு, வினாக்குறியாகிப் போன பெயர்களை உடைய குடும்பத்திலிருந்து ஒருவர் வந்தால் நல்லதன்றோ? தேசிய அடையாள அட்டை எண் 2016இல் 12 இலக்கமாயிற்று. முன்னர் 9 இலக்கமும் இறுதியில் 'வி' அல்லது 'எக்ஸ்' என்ற எழுத்தும் இருந்தன. 'வி' வாக்குரிமையைக் குறித்தது. ஒற்றை எழுத்தில் ஒரு மனிதன் நாட்டில் எந்நிலையினன் என்று எழுதி வைத்தார்கள்.

இத்தொழிலார் தம் அலுவலகத்துக்கு வெளியே செய்த பெருஞ்செயலொன்று நம் நாட்டிலேயே உண்டு. 2004 திசெம்பர் 26இல் கடற்கோள் வந்தது. முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இங்கே மாண்டனர். தாயைத் தேடும் பிள்ளை ஒரு முகாமில், பிள்ளையைத் தேடும் தாய் இன்னொரு முகாமில். அரிசி ஓரிடத்தில் குவிந்தது; பசி வேறிடத்தில் இருந்தது. இலங்கை மென்பொருள் மன்றத்தைச் சூழ்ந்த இளைஞர்கள், வேலையை விட்டும் விடுப்பெடுத்தும், சில நாட்களுக்குள் ஒரு தரவுத்தளத்தை எழுப்பினார்கள். காணாமற் போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவும் நிறுவனங்களின் பதிவு, எங்கே என்ன வேண்டும் என்னும் பதிவு ஆகியன அதில் இருந்தன. 'சகன' என்று பெயரிட்டார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். 2005இல் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், 2010இல் எயிற்றி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. சுதந்திர மென்பொருள் அமைப்பு 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப் பயன் விருதை அதற்கே அளித்தது. சிறு தீவின் இளைஞர் உலகுக்குக் கொடுத்த கொடை இது.

தமிழர் செய்ததும் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களோடு எரிந்தது. ஓரிடத்தில் ஒரே பிரதியாக இருந்தவை என்றைக்கும் இல்லாது போயின. 2005இல் சில இளைஞர் கூடி 'நூலகம்' என்னும் இணைய நூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, பட்டியலிட்டு, எவரும் வாசிக்க வைத்தனர். நம் மலர் போன்ற விழா மலர்களும் அங்கே இடம்பெறுகின்றன. சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏடு தேடி அலைந்து, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினாரே, அந்தப் பணி இப்பொழுது இவ்வுருவில் நடக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். நம் மரணாதார சங்கத்தின் பெயரேடு ஒரு கொப்பி. யார் அங்கத்தவர், யார் எத்தனை மாதச் சந்தா கட்டினார், சாவு வீட்டுக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பனவெல்லாம் அந்த ஒரு கொப்பியில். அதைக் காப்பவர் உத்தமர். கூரை ஒழுகினால் உத்தமம் உதவாது. கோயில் உபயகாரர் பட்டியலும் அவ்வாறே. இவற்றைக் கணினியில் ஏற்றவேண்டும். மூன்று பிரதி இருக்கவேண்டும். ஒன்று பல்லேபொலவுக்கு வெளியே, மாத்தளையிலோ கண்டியிலோ இருக்கவேண்டும். ஆறு மாதத்துக்கொருமுறை, எழுதாத ஒருவர் பிரதியைத் திறந்து ஒரு பெயரைத் தேடிக் காட்டவேண்டும். திறந்து பார்க்காத பிரதியைப் பிரதியென்று எண்ணி ஏமாந்தவர் கதையைத்தான் சற்று முன் கேட்டீர்கள். வேண்டாத தகவலைச் சேர்க்கலாகாது. சந்தாக் கணக்குக்குச் சாதியும் நோயும் எதற்கு?

இத்தொழிலைக் கற்க விரும்பும் தம்பி தங்கையர்க்கு வழி அடைபட்டில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழினுட்பப் பட்டத்தை வெளிவாரியாகவே கற்கலாம். ஆங்கிலம் வேண்டும், அஞ்சவேண்டியதில்லை, எஸ்.கியூ.எல். மொழிக்குச் சில நூறு சொற்களே. தமிழும் சிங்களமும் எழுத்துப் பிழையின்றி வேண்டும். அவ்விரண்டும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெருவிலேயே கிடைக்கின்றன.

வருகின்ற விடுமுறையில் மரணாதார சங்கக் கொப்பியை நாங்கள் கணினியில் ஏற்றத் தொடங்குகிறோம். சங்கத்தார் இசைவு தந்துள்ளனர். துணைக்கு இருவர் வேண்டும். கணினி தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. பழைய கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தாற் போதும். தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள்: வரும்போது வீட்டிலுள்ள பிறப்புப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் எடுத்து வாருங்கள். அவற்றை நாங்கள் வாங்கி வைக்கமாட்டோம். இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று உங்கள் முன்னாலேயே பார்த்து, வேறுபாடிருந்தால் பிரதேச செயலகத்துக்கு எழுதவேண்டிய கடிதத்தை அங்கேயே எழுதித் தருவோம்.